பத்தாம் அதிகாரத்தின் மேல்பாதி

சசிரேகாவுக்கு வாய்த்துடுக்கு அதிகம் என்பது மானாம்பதி ஊருக்கே தெரியும். ஞானஸ்நானம் எடுத்தால் கொஞ்சம் குறையும் என்று அவள் புருஷன் பாஸ்கர் நம்பினான். பாவம் மனுஷன். வேத வசனமும் துணைக்கு வந்ததில் துடுக்கு இரட்டிப்பானதுதான் மிச்சம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா செத்துப்போனார். பாடை தூக்குவதற்குமுன் பெற்ற மகள் வாய்க்கரிசி போடவேண்டும். அண்ணன் தங்கவேலு அரிசித் தட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. வாங்காததோடு விட்டாளா? "இதெல்லாம் பிசாசுக்குப் பண்றது, நான் தொடமாட்டேன்" என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டாள். அன்றோடு அண்ணன் பேச்சை நிறுத்தினான். ஒரே தெரு, எட்டு வீடுதான் தள்ளி. ஆனாலும் அவள் எதிரே வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவான்.

சசிரேகாவும் லேசுப்பட்டவள் இல்லை. அவளுடைய வேதப் புத்தகத்தில், மத்தேயு பத்தாம் அதிகாரத்தில், சிவப்புப் பேனாவால் கோடு போட்ட இடம் ஒன்று உண்டு. தான் கொண்டுவந்தது சமாதானம் இல்லை, வாள் என்றும், சொந்த வீட்டு மனிதர்களே பகையாவார்கள் என்றும் ஆண்டவரே சொல்கிற இடம். அப்புறம் என்ன? அண்ணன் பேசாததுதான் தன் விசுவாசத்துக்குச் சாட்சி என்று மெச்சிக்கொண்டாள். ஆனால் யோவான் சுவிசேஷத்தில் அதே ஆண்டவர் தன் சமாதானத்தை விட்டுப்போவதாகச் சொல்கிறாரே! அங்கே வரும்போதெல்லாம் சட்டென்று பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் மனைவி மேரி அவளை வாசிக்கச் சொன்னாள். சசிரேகா நேராகச் சிவப்புக் கோட்டுக்குப் போனாள்.

"அங்க இல்ல சசி. அதிகாரத்த மேலேருந்து படி."

படித்தாள். சீஷர்களை ஊர் ஊராக அனுப்பும்போது ஆண்டவர் சொல்கிறார்: எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் அந்த வீட்டுக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். அவர்கள் ஏற்காவிட்டால் அது சொன்னவரிடமே திரும்பி வரும். அதே அதிகாரம்தான், சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே. எத்தனை தடவை தாண்டிப் போயிருப்பாள்! படித்துக்கொண்டிருந்த குரல் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாச்சி?" என்றாள் மேரி.

"அக்கா, வாள் வரும்னு சொன்னாரே தவிர அத என் கையில குடுக்கலியே. கையில குடுத்து அனுப்புனது சமாதானத்தத்தான். அவங்க வெட்டுனா தாங்கிக்கலாம். எங்க நைனா சாவுல வெட்டுனது நான்தான!"

மேரி அவள் தோளைத் தொட்டாள். ஜெபம் முடிகிறவரைகூட சசிரேகாவுக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டாள்.

தங்கவேலு களத்தில் நெல்லைக் காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தான். மறுநாள் அப்பாவுக்குத் தெவசம்.

"இன்னாத்துக்கு வந்த?" திரும்பிப் பார்க்காமலேயே கேட்டான். இரண்டு வருஷத்தில் அவளோடு அவன் பேசிய முதல் வார்த்தை.

"அண்ணா, அரிசி நான் இப்பவும் போடமாட்டேன். ஆனா அன்னிக்கிப் பேசனது தப்பு. அத்த எங்க சாமி சொல்லச் சொல்லல. நானா பேசனது."

"அரிசிக்கா எனுக்குக் கோவம்? நீ அழலியே சசி! நைனா செத்துக் கெடக்கறாரு, நீ கல்லாட்டம் நின்னுக்கினு இருந்தியே!"

அவ்வளவுதான். களத்து ஓரத்தில் அப்படியே உட்கார்ந்து, "ஐயோ நைனா, என்னப் பெத்த நைனா" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை. தங்கவேலுவும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ரொம்ப நேரம் கழித்து, "நாளைக்கு வூட்டுக்கு வா" என்றான்.

"படையல் சோறு நான் சாப்பட மாட்டனேண்ணா."

"தெரியும். படைக்கறதுக்கு முன்னாலியே உனுக்கு ஒரு எலை போடச் சொல்றேன்."

சசிரேகா திடுக்கிட்டுப் போனாள். படைக்கும்முன் குழம்பில் உப்புகூடப் பார்க்காத வீடு அது.

"நைனாவுக்கு முன்னாலியா? ஊரு இன்னா சொல்லும்?"

"இன்னா வேணா சொல்லட்டும்" என்றான் தங்கவேலு. "உனுக்குப் போடாம அவரு என்னிக்கி சாப்ட்டுகீறாரு?"