வெந்நீர் டாக்டர்

எங்கள் ரத்த வங்கியில் மயக்க மருந்து டாக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் வெந்நீர் டாக்டர். குளிர்பெட்டியிலிருந்து போகும் ரத்தத்தை அப்படியே ஏற்ற விடமாட்டார். பையிலிருந்து வரும் குழாயைச் சுருட்டி வெதுவெதுப்பான தண்ணீர்ப் பேசினில் போட்டு, தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அவர் தலை தெரிந்தாலே, "சோப்பு, துண்டு எடுத்து வைங்க, ரத்தத்துக்குக் குளியல்" என்பேன். அந்தக் கேலியைக் கட்டிவிட்டவளே நான்தான். அவர் காதில் விழாதது போலப் போவார். சிரிப்புக்குப் பஞ்சமில்லாத நாட்கள் அவை.

என் தங்கைக்குப் பிரசவமாகி ரத்தம் நிற்காமல் போன அன்று பைகளை நானே தூக்கிக்கொண்டு ஓடினேன். எதுவும் வீணாகக் கூடாதென்று பழைய பையைத்தான் முதலில் கொடுப்போம். பதற்றத்திலும் என் கை பழக்கப்படியே பழையதை எடுத்திருந்தது. டாக்டர் பக்கத்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருவதற்குள் சில பைகள் ஜில்லென்றே ஏறிவிட்டன. மானிட்டரில் துடிப்பு தடுமாறியது. இன்னும் வேகமாக ஏற்றச் சொல்லிக் கத்தினேன்.

அவர் வந்ததும் குழாயை மூடினார்.

"பழைய ரத்தத்துல பொட்டாசியம் கசிஞ்சு சேர்ந்திருக்கும்மா. அதையும் ஜில்லுன்னு வேகமா விட்டா இதயமே நின்னுடும். புதுப் பை இருக்கா?"

இருந்தது, பச்சைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கியது. எங்கள் பொறுப்பாளரம்மா விதியை விட்டு இம்மியும் நகராதவர். பயந்துகொண்டேதான் போன் செய்தேன். அன்று எந்தக் குழந்தைக்கும் தேவையில்லை என்று பார்த்துவிட்டு, அவரே பைகளோடு மூச்சிரைக்க வந்து நின்றார். அதற்குள் டாக்டர் இதயத்தைக் காக்கக் கால்சியம் ஊசி போட்டிருந்தார். என் கையைப் பிடித்துப் பேசினில் வைத்து, தண்ணீர் ஆறினால் சொல்லச் சொன்னார். தங்கையின் உதடு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அதைப் பார்க்கத் தெம்பில்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். துடிப்பு சீராகி, கையை எடுக்கலாம் என்று அவர் சொன்னதுகூட எனக்குக் கேட்கவில்லை.

இப்போது ரத்தத்தைச் சூடாக்க மெஷின் இருக்கிறது. அவர்தான் இல்லை. அந்தப் பேசினைப் பார்க்கும்போதெல்லாம் மனசு அவரைத் தேடுகிறது. அவசரமாகப் பை வாங்க வருபவர்களிடம், சூடாக்கித்தானே ஏற்றுவீர்கள் என்று கேட்காமல் நான் விடுவதில்லை. வேலைக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால், "வெந்நீர் பெரியம்மா வந்தாச்சு, சோப்பு துண்டு எடுத்து வைங்க" என்கிறாள். அன்று பிறந்த குழந்தை அவள்தான்.

அவளுக்கு அப்படியே அவள் அம்மாவின் வாய். வீட்டுக்குப் போனால் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னை ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும்.