கேட்காமல் எழுதிய நாலு வரி

வசந்தமலர் எழுதிய நாலு வரி ரானுயியிலிருந்து ஒடாஹுஹு வரை போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாம் குடிவந்த இந்த நகரத்தின் மேற்குக் கோடிக்கும் தெற்குக் கோடிக்கும் நடுவில் எவ்வளவு மோட்டர்வே, எவ்வளவு நெரிசல். எதுகை மோனையோடு பிறந்த சொல்லுக்கு நெரிசல் ஏது? ஒரு வாயில் ஏறி இன்னொரு வாயில் இறங்கி அது போய்விட்டது.

அந்த நாலு வரி இதுதான்:

கையில் இருந்த சாவியோடு
கழுத்தளவு நீரில் போனான்;
காரைக் காக்கப் போனவன்
கரை சேராமல் ஆனான்.

போனவன் பெயர் யசீகரன். நாற்பத்தொரு வயது. மனைவி கஜந்தினி, பன்னிரண்டு வயதில் ஒரு மகள்.

எழுதியவளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வசந்தமலருக்கு ஐம்பத்து மூன்று. வார நாட்களில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. சனிக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை சமூக வானொலியில் தமிழ் நிகழ்ச்சி. அதன் கடைசிப் பகுதிதான் அவளுடைய ‘செய்திப்பா’. அந்த வாரம் நடந்த ஒன்றை எடுத்து, பாதி செய்தியாகவும் பாதி பாட்டாகவும் சொல்லுவாள். வாடகை ஏறியதைச் சொல்லியிருக்கிறாள். பஸ் ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தையும் விசா விதி மாறியதையும் சொல்லியிருக்கிறாள். ஆங்கிலச் செய்தியை அரைகுறையாக விளங்கிக்கொண்டு தலையாட்டுகிற நம் ஆட்கள் பலருக்கு, வசந்தமலர் சொன்ன பிறகுதான் அது தங்கள் ஊரில் நடந்த விஷயமாகும். ஆறு வருஷமாக இப்படித்தான்.

பழைய பெருவெள்ளத்தை இன்னும் மறக்காத ரானுயியில், பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், ஓடை மறுபடியும் ஏறியது. முன்னைப் போல ஊரை மூழ்கடிக்கவில்லை. ஒரு தெருவின் பள்ளத்தில் ஆறு வீடுகள். ஒரே ஒரு உயிர்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே வசந்தமலர் கஜந்தினியிடம் போய்விட்டாள். வீட்டுக்குள் சேறு என்பதால், தெருவின் மேட்டில் தெரிந்தவர் ஒருவர் வீட்டு ஹோலில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பிரேதம் இன்னும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கஜந்தினியின் கையைப் பிடித்தபடி இருந்தாள். ஒரு சொல் கேட்கவில்லை. செத்த வீட்டில் எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று விசாரிக்கிறவரை நாம் என்ன சொல்லுவோம், உங்களுக்கே தெரியும். வந்தால் அழ வேண்டும், இருக்க வேண்டும், போகும்போது சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும். வசந்தமலர் அப்படியே எழுந்து போனாள்.

வானொலி நிலையத்தின் கார் தரிப்பிடத்தில் வைத்துத்தான் போனைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் மூன்று வரிச் செய்தி: வெள்ளத்தில் தன் காரை நகர்த்தப் போன ஆண் ஒருவர் உயிரிழந்தார். கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்துக்கொண்டாள். நாலு வரியும் தானாகவே வந்தன. தானாக வந்ததைத் திருப்பிப் பார்க்க யாருக்கு மனம் வரும்? பதினொன்றே முக்காலுக்கு வாசித்தாள். அன்றைக்கு வந்த அழைப்புகள்போல ஒருநாளும் வந்ததில்லை.

அந்த வரிகள் அவள் காதுக்குத் திரும்பி வந்தது, முப்பத்தோராம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு. ஒடாஹுஹுவில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடை. காசு கொடுக்கிற வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டு ஆண்கள். ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு அவசரப்பட்டார்.

“பத்து நிமிஷ பார்க்கிங்குல போட்டிருக்கேன்பா. டிக்கெட் ஒட்டிட்டுப் போயிடுவான்.”

“போங்க போங்க. காரைக் காக்கப் போனவன் கரை சேராமல் ஆனான்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்லாவில் நின்ற பெண்ணும் சிரித்தாள். பழமொழியைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி.

உண்மையைச் சொன்னால், முதல் நொடி வசந்தமலருக்கு உள்ளுக்குள் இனித்தது. தன் வரி இன்னொருவர் வாயில். அடுத்த நொடி, உறைபெட்டிப் பக்கம் நின்றவர்களைக் கண்டாள். கஜந்தினியும் மகளும். கஜந்தினியின் கையில் ஒரு தேங்காய்ப்பூப் பாக்கெட்.

மகள் தாயின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள், “அது அப்பாவைப் பற்றியா?”

கஜந்தினி பாக்கெட்டைத் திரும்ப வைத்தாள். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். வரிசையில் நின்ற வசந்தமலரைக் கடந்தபோது ஒரு கணம் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை செய்திப்பா இல்லை. பழைய பக்திப்பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, ஒலிப்பதிவுப் பலகைக்கு முன்னால் இருந்த வீரையாவைப் பார்த்தாள். வீரையா ஈப்போவிலிருந்து வந்தவர், ஓய்வுபெற்ற எலக்ட்ரிஷியன். நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து பொத்தான்கள் அவர் பொறுப்பு.

“என்னா மலர், ஒரு வாரமா வாயில பூட்டு?”

அவள் கடையில் நடந்ததைச் சொன்னாள்.

“சரி, ஒரு திருத்தம் படிச்சிடு. பேப்பர்காரன் மூனாம் பக்கத்துல போடுறான்ல, அந்த மாதிரி.”

“என்னத்தைத் திருத்துறது அண்ணை? பிழை எது எண்டே எனக்குத் தெரியாது.”

“அப்ப அந்தாளு காருக்குப் போகலையா?”

“தெரியாது. நான் கேக்கேல்லை. ஒன்றரை மணித்தியாலம் அந்தப் பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். கேக்காமலே எழும்பி வந்து எழுதிப்போட்டன்.”

வீரையா பாட்டின் ஒலியைக் கொஞ்சம் குறைத்தார். “திருத்தத்தை எவன் லா ஞாபகம் வெச்சிருக்கான்? பாட்டைத்தான் வெச்சிருப்பான். பாட்டா போனது பாட்டாத்தான் திரும்பணும். அதுக்கு முன்ன போய்க் கேளு.”

கஜந்தினி இப்போது தகனினி என்ற புறநகரில், ஒரு புது வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வசந்தமலர் போனாள். கதவு திறந்தது. வாங்கோ என்றும் சொல்லவில்லை, வராதேயுங்கோ என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி மட்டும் வந்தது. மகள் அறைக்குள் இருந்தாள்; கதவு சாத்தியிருந்தது.

“என்னை ஏசும், கஜந்தினி.”

“ஏசி என்ன செய்யிறது அக்கா? பேப்பர்காரன் எழுதினதுக்கு எனக்குக் கோவம் வரேல்லை. அவனுக்கு எங்களைத் தெரியாது. நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள். ஒரு சொல் கேட்டிருந்தா சொல்லியிருப்பன். யாராவது கேக்க மாட்டினமோ எண்டு இருந்தன்.”

“செத்த வீட்டில கேக்கிறது...”

“ஓம். ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாரும் மரியாதையா அழுதிட்டு, வெளியில போய்க் கதைச்சவை.”

வசந்தமலர் கோப்பையைக் கீழே வைத்தாள். பையிலிருந்து கொப்பியையும் பேனாவையும் எடுத்தாள்.

“இப்ப கேக்கிறன். அண்டைக்கு என்ன நடந்தது?”

கஜந்தினி கொப்பியைப் பார்த்தாள். “நான் அந்த நேரம் வேலையில. பள்ளிக்கூடத்தால பிள்ளையும் என்னட்டத்தான் வந்தவள். கடைசியாக் கண்டது மெலேதான். பக்கத்து வீடு. அவவைப் போய்க் கேளுங்கோ. கேட்டிட்டு, பொய் சொல்லாமல் எழுதுங்கோ.”

மெலே தொங்காத் தீவுக்காரி. ஐம்பது வயதிருக்கும். வெள்ளத்தில் ஊறிப்போன அவள் வீட்டுச் சுவர்களை இடுப்பளவுக்கு வெட்டி எடுத்திருந்தார்கள். உள்ளே மரச்சட்டங்கள் தெரிந்தன. வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் ஆங்கிலத்தில் சொல்ல, வசந்தமலர் தமிழில் எழுதிக்கொண்டாள்.

மெலேயின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை சிகிச்சை முடிந்து வந்து அசந்து படுத்திருந்தார். தண்ணீர் கட்டில் காலைத் தொட்டபோது யசீகரன் பின்கதவால் வந்தான். கணவர் பெரிய உடம்புக்காரர். யசீகரன் அவர் தோளுயரம். என்றாலும் முதுகில் ஏற்றிக்கொண்டான். மெலே பின்னாலிருந்து தாங்கினாள். மேட்டுத் தெருவில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மதிலில் சாய்ந்து மூச்சு வாங்கினான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். யாரோ போத்தல் கொடுத்தார்கள்.

“பிறகு கால்சட்டைப் பையைத் தடவினான்,” என்றாள் மெலே. “சாவியை எடுத்தான். விடு, அது போகட்டும் என்று கத்தினேன். கையைத் தூக்கிக் காட்டினான். வேலை என்று சொன்னான். அது மட்டும் கேட்டது.”

வசந்தமலரின் பேனா நின்றது. ஆக, காருக்குத்தான் போயிருக்கிறான்.

“பொலிஸ்காரர் என்னிடம், ஏன் தண்ணீரில் இறங்கினார் என்று கேட்டார். காருக்கு என்றேன். அதற்கு முன்னால் என்ன செய்தார் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் அன்றைக்கு நாக்கு எழவில்லை. என் மனிதர் உள்ளே தூங்குகிறார், போய்ப் பாருங்கள். அவர் இன்னும் ஒருவரிடமும் வாய் திறந்து பேசவில்லை.”

அந்த வாரம் முழுக்க, சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்குள் நின்று வசந்தமலர் எழுதினாள், அடித்தாள், எழுதினாள். அயலவரைச் சுமந்த முதுகு, அலையில் கரைந்த உயிர் என்று அழகழகாக வந்தன. எல்லாவற்றையும் சேர்த்து இருபது வரி. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் தகனினிக்குப் போய், கஜந்தினியின் முன்னால் இருந்து வாசித்தாள்.

கஜந்தினி கேட்டு முடித்தாள். கண் கலங்கியது. ஆனாலும் கேட்டாள், “கார் எங்க அக்கா?”

“அது தேவையில்லை எண்டு விட்டிட்டன். சனம் அதைத்தானே பிடிச்சுக்கொண்டு நிக்குது.”

“அப்ப இதுவும் பேப்பர்காரன்ர மாதிரித்தான். அவன் முன்பாதியை விட்டான். நீங்கள் பின்பாதியை விடுறீங்கள்.”

வசந்தமலர் தாளை இரண்டாக மடித்தாள்.

“என்ர மனுசனைச் சாமி ஆக்காதேயுங்கோ. சாமி ஆக்கினா, கார் கதையைச் சனம் ஒளிச்சுக் கதைக்கும். அவர் காருக்குத்தான் போனவர். ஏன் போனவர் எண்டு எழுதுங்கோ. பாண் பேக்கரியில விடிய நாலு மணிக்கு வேலை. ரானுயியில அந்த நேரத்துக்கு என்ன பஸ் ஓடுது? ரெண்டு தரம் பிந்திப் போனதுக்கு எச்சரிக்கைக் கடிதம் குடுத்திட்டாங்கள். வேலை போனா விசா போகும். இஞ்ச நிரந்தரமா இருக்கிறதுக்கு ரெசிடென்ஸ் கிடைக்க நாலு மாசம் இருந்தது. நாலு மாசம், அக்கா. சாவியைக் கையில வைச்சுக்கொண்டு அவர் இதெல்லாத்தையும்தான் பாத்திருப்பார்.”

அறைக் கதவு திறந்தது. மகள் வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது.

“ரீட் இட் வித் த கார்,” என்றாள்.

சனிக்கிழமை. பதினொன்றே முக்கால். வீரையா கையசைத்தார். வசந்தமலர் வணக்கத்தோடு தொடங்கவில்லை.

“பெப்ரவரியில் இதே கதிரையில் இருந்து நாலு வரி வாசித்தேன். உங்களுக்கு மனப்பாடம் என்று அறிகிறேன். அதை எழுதுமுன் நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். இதில் சந்தமில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.”

வெள்ளிக்கிழமை, மாலை ஆறு பத்து.
ரானுயி. ஓடையோரம் கடைசி வீடு.
யசீகரன், வயது நாற்பத்தொன்று,
நடக்க முடியாத அயலவரை
முதுகில் ஏற்றி மேட்டில் இறக்கினார்.
மூச்சு வாங்கினார்.
தண்ணீர் கேட்டார். குடித்தார்.
பிறகு காருக்குப் போனார்.
விடிய நாலு மணிக்கு வேலை.
அந்த நேரத்துக்கு பஸ் இல்லை.
வேலை இல்லையென்றால் விசா இல்லை.
விசா இல்லையென்றால் மகளுக்குப் பள்ளி இல்லை.
நம்மில் யாருக்குத் தெரியாது இந்தக் கணக்கு?
காருக்குப் போனார்.
விடு என்று கத்திய குரல் கேட்டது.
கை தூக்கிக் காட்டினார்.

தாளைக் கவிழ்த்து வைத்தாள். வீரையா பாட்டெதுவும் போடவில்லை. வானொலியில் வெறும் அமைதி போகக் கூடாது என்று ஒரு விதி உண்டு; அவர் அதை ஆறு வருஷத்தில் முதல்முறையாக மீறினார். தொலைபேசியின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். வசந்தமலர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிறவர்கள் போய்விட்டார்கள் போலும் என்று நினைத்தாள்.

விளக்கு எரிந்தது. வீரையா எடுத்தார், நேரே ஒலிபரப்பில் விட்டார்.

“வணக்கம் மேடம். மனோஜ் பேசுறேன். ஹெண்டர்சன்ல இருந்து.” இளம் குரல், தமிழ்நாட்டுப் பேச்சு. “நானும் அந்தப் பாட்டைச் சொல்லிச் சிரிச்சிருக்கேன். பிரெண்ட்ஸ் குரூப்ல போட்டதே நான்தான்.”

“சொல்லுங்கோ தம்பி.”

“அன்னைக்கு எங்க தெருவிலயும் தண்ணி வந்துச்சு மேடம். நானும் காரை எடுக்கப் போனேன். முட்டி வரைக்கும்தான் இருந்துச்சு. அதனாலதான் இப்ப பேசிட்டிருக்கேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல.”

வீரையா கடிகாரத்தைக் காட்டினார். நிகழ்ச்சி முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வசந்தமலர் ஒலிவாங்கியை அருகில் இழுத்துக்கொண்டு, கொப்பியில் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

“உங்களுக்கு எத்தனை மணிக்கு வேலை, தம்பி?” என்று கேட்டாள்.