சர்க்கரை ஜாஸ்தி

இறந்த உடலுக்குச் சுற்றும் கஃபன் துணியை வெட்டக் கூடாரத்தில் ஒரு கத்தரிக்கோல் இல்லை. பாய்க்கு அடியில் பார்த்தாகிவிட்டது, அடுப்பு மூலையில் பார்த்தாகிவிட்டது. வெளியே மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர்கள் துணி எங்கே என்று இரண்டாம் முறை குரல் கொடுத்தார்கள். அப்போதுதான் லுஜைன் எழுந்துபோய்த் தன் துணி மூட்டைக்குள் கைவிட்டு, ஒரு குட்டைக் கத்தியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். பிடியில் பழந்துணி சுற்றியிருந்தது. அலகில் காய்ந்த மண். விதைக்கு உருளைக்கிழங்கு வெட்டுகிற கத்தி.

ஹஸ்னா அதைப் பிடுங்கித் தன் அங்கிக்குள் மறைத்தாள். யாருக்கு மறைக்கிறோம் என்று அவளுக்கே புரியவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கத்தியைத் தெரியும். பாதிப் பேர் லுஜைனோடு ஒரே வண்டியில் வயலுக்குப் போய்வருகிறவர்கள். தெரியக்கூடாத ஒரே ஆள் வெளியே பலகையில் கிடந்தான்.

"கொடுடி இங்க," என்றாள் உம்மு ஜாபிர். பக்கத்துக் கூடாரத்துக்காரி. ஹஸ்னாவின் அங்கிக்குள் கைவிட்டு உரிமையோடு கத்தியை எடுத்தாள். தன் பாவாடையில் மண்ணைத் துடைத்துவிட்டு, துணியை ஒரே இழுப்பில் கிழித்துக் கொடுத்தனுப்பினாள்.

ஹஸ்னாவின் கணவன் ஹமூத் சிறுநீரகம் கெட்டுப்போய்க் குளிர்காலம் முழுவதும் படுக்கையில் கிடந்தான். அதற்கு முன்பு அவனைக் கூடாரத்தில் பார்ப்பதே அபூர்வம். லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் எங்கெல்லாம் சிரியா அகதிகள் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார்களோ அங்கெல்லாம் போவான். டவுனில் இருந்த ஒரு ஆய்வு அலுவலகத்துக்காக, எந்தக் கூடாரத்தில் எந்தக் குழந்தை வேலைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று விசாரிப்பது அவன் வேலை. விசாரித்ததோடு விடமாட்டான். பெற்றவர்களோடு மல்லுக்கட்டிப் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்கி, அகதிப் பிள்ளைகளுக்கான மதியப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டுத்தான் மூச்சுவிடுவான்.

"உங்க புள்ள வேலைக்குப் போவுதான்னு கேட்டா எந்தத் தாய் ஆமான்னு சொல்லுவா?" என்று ஒருநாள் ஹஸ்னாவிடம் சொல்லியிருந்தான். "அதனால நான் கேக்கறதே இல்ல. ஒரு டீ கொண்டாடா கண்ணுன்னு புள்ளகிட்ட சொல்லுவேன். வீட்ல இருக்கற புள்ள கண்ணாடி கிளாஸை விளிம்புல ரெண்டு வெரலால புடிச்சிட்டு, ஊதிக்கிட்டே ஓடியாரும். வயல்ல வேலை செய்யற புள்ள உள்ளங்கையில வெச்சு நிதானமா நடந்து வரும். அதுக்குச் சுடாது."

அன்று அவள் சிரித்தாள். இவ்வளவு சூட்சுமம் உள்ள மனுஷன் தன் செருப்பை மட்டும் தினமும் தேடுகிறானே என்று.

கூடாரங்கள் நின்ற நிலம் கிழங்குப் பண்ணைக்காரருடையது. ஒரு கூடாரத்துக்கு ஒரு ஆள் வயலுக்கு வரவேண்டும் என்பது அங்கே பேச்சு. ஆள் வராத கூடாரத்தை ஷாவீஷ் அவிழ்க்கச் சொல்லிவிடுவார். ஷாவீஷ் என்றால் அபூ துர்கிதான். அவரும் இவர்களைப்போலச் சிரியாவின் ரக்காக்காரர்தான், ஆட்களைச் சேர்த்து வண்டியில் ஏற்றி அனுப்புகிறவர். ஹமூத் நடமாடியவரை அந்த ஒரு ஆள் ஹஸ்னா. அவன் படுத்தபிறகு, தூக்கி உட்காரவைக்கவும் துடைத்துவிடவும் அவள் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருந்தது. லுஜைன் வண்டியில் ஏறினாள். அவளுக்குப் பதினொரு வயது.

"லுஜைனுக்குக் காலையில தனி வகுப்பு வெச்சிருக்காங்களாம்," என்று ஹஸ்னா கணவனிடம் சொன்னாள். ஊரில் உள்ள தாய்மார்கள் சொன்ன பொய்களை எல்லாம் வகைவகையாகக் கேட்டுப் பழகியவனிடம்தான் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

நேற்று மதியம் அவனுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. "லுஜைன், பாபாவுக்கு ஒரு டீ கொண்டா," என்றான். ஹஸ்னா போர்வை உதறிக்கொண்டிருந்தவள் திரும்புவதற்குள் பெண் டீயோடு வந்துவிட்டாள். தட்டு இல்லை. ஆவி பறக்கிற கிளாஸ், விரித்த உள்ளங்கையில். சிந்தாமல் நிதானமாக வந்தாள்.

ஹமூத் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு ஹஸ்னாவைப் பார்த்தான். கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"சர்க்கரை ஜாஸ்தி," என்றான்.

அதற்குப்பிறகு அவன் பேசவில்லை. சாயங்காலம் மூச்சு இழுக்கத் தொடங்கியது, விடிவதற்கு முன் அடங்கிவிட்டது. அவனுக்குத் தெரிந்ததா, தெரியாதா? தெரிந்துதான் டீ கேட்டானா, தாகமாக இருந்ததா? தெரிந்திருந்தால் திட்டியிருக்க வேண்டுமே. திட்டத் தெம்பில்லையா, வேண்டாம் என்று விட்டானா? ஹஸ்னாவுக்கு அழுகை வரவில்லை. இந்தக் கேள்வியே வந்து வந்து அழுகையின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வெளியே சந்தடி அடங்கியது. உடலை ஜனாஸாத் தொழுகைக்கு வைத்துவிட்டார்கள். டவுன் கபுருஸ்தானில் வெளியூர்க்காரர்களைப் புதைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். அபூ துர்கிதான் பண்ணைக்காரரிடம் போய்ப் பேசி, பாதாம் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு குழிக்கு இடம் வாங்கியிருந்தார். காலையிலிருந்து அவர் சேறு மிதித்து அலைந்ததை ஹஸ்னா தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

தொழ வைக்கும் பெரியவர் வழக்கம்போலக் கேட்டார். "இவர் மேல யாருக்காச்சும் பாக்கி இருந்தாலும் சரி, மனவருத்தம் இருந்தாலும் சரி, இப்பவே சொல்லிடுங்க. இல்லன்னா அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

எல்லோரும் மன்னித்தோம் என்று முணுமுணுத்தார்கள். அபூ துர்கியின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "எனக்கு இருந்துச்சு. என் வண்டியிலேர்ந்து எத்தனை புள்ளைங்களை எறக்கிவிட்டிருப்பாரு, கணக்கே இல்ல. பண்ணைக்காரர் முன்னாடி நான் தலைகுனிஞ்சு நின்னிருக்கேன். மன்னிச்சிட்டேன். நல்ல மனுஷன்." கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே உடைந்தது. அதுதான் ஹஸ்னாவை இன்னும் குழப்பியது.

"நான் மன்னிக்கல."

பெண்கள் பக்கத்திலிருந்து வந்த குரல். உம்மு ஜாபிர் தார்ப்பாயைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"உம்மு ஜாபிர், மனுஷன் போயிட்டாரு," என்றார் பெரியவர் வெளியிலிருந்து.

"அது எனக்கும் தெரியும். என் ஜாபிர் என்னோட வண்டியில வந்துக்கிட்டு இருந்தான். என் கண்ணு முன்னாடி கிழங்கு பொறுக்கிக்கிட்டு இருந்தான். எறக்குன்னாரு, எறக்கினேன். பள்ளிக்கூடத்துல ஒரு மாசம் உக்காந்தான். வீட்ல அடுப்பு எரியலங்கறதைப் பாத்துட்டு எனக்குத் தெரியாம டவுன்ல தகரப் பட்டறைக்குப் போனான். ரெண்டு வெரல் போச்சு. வயல்லயே இருந்திருந்தா வெரல் இருந்திருக்கும். கேட்டீங்க, சொல்லிட்டேன். தூக்குங்க."

பெரியவர் தொழுகையை நடத்தி முடித்தார். பிறகு தூக்கினார்கள். கலிமாச் சத்தம் பாதாம் தோட்டத்துப் பக்கமாகத் தேய்ந்து போனது.

ஹஸ்னாவுக்கு உம்மு ஜாபிரின் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவள் மடியில் விழுந்து கதற வேண்டும் போலவும் இருந்தது. ஜாபிருக்கு விரல் போன பிறகு ஹமூத் ஒரு வாரம் எந்தக் கூடாரத்துக்கும் போகவில்லை. தார்ப்பாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு ஒருநாள் காலையில் செருப்பைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். எப்படிக் கிளம்பினான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சற்று நேரத்தில் ஏலக்காய் வாசனை வந்தது. துக்கத்துக்கு வருகிறவர்களுக்கான சர்க்கரையில்லாத காபியை அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தவள் உம்மு ஜாபிரேதான்.

"நீ எதுக்கு?" என்றாள் ஹஸ்னா.

"மன்னிக்கலன்னுதான் சொன்னேன். காபி போடமாட்டேன்னு சொன்னேனா?" கரண்டியைத் தட்டி வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "ஆமா, லுஜைன் எங்களோட வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியலக்கா."

"அவருக்குத் தெரியலையா, உனக்குத் தெரியலையா?"

"எனக்குத்தான் தெரியல," என்றாள் ஹஸ்னா. அப்போதுதான் முதன்முதலாகக் கண்ணீர் வந்தது. உம்மு ஜாபிர் துடைத்துவிடவில்லை. காபி பொங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அபூ துர்கி வந்தார். விதவையின் கூடாரத்துக்குள் ஆண்பிள்ளை வரக்கூடாது என்பதால் வெளியிலேயே நின்று தார்ப்பாயிடம் பேசினார்.

"தங்கச்சி, நல்லபடியா அடக்கியாச்சு. தலைமாட்டுல கல்லு வெச்சிருக்கேன்."

"அல்லா உங்களுக்கு நன்மை செய்யட்டும்."

"கூடாரத்தைப் பத்திக் கவலைப்படாத. யாரும் அவிழ்க்கச் சொல்லமாட்டாங்க, நான் இருக்கேன். துக்கம் மூணு நாள் முடியட்டும். புள்ள அழுது முடிக்கட்டும். அப்புறம் வண்டி இங்கயே வந்து நிக்கும், ரோடு வரைக்கும் நடக்க வேணாம்."

ஹஸ்னா லுஜைனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ இத்தாவுல இருக்க. நாலு மாசம் பத்து நாள் வாசப்படி தாண்டக்கூடாது. பண்ணைக்காரர்கிட்ட நான் என்ன சொல்ல முடியும், சொல்லு. அதுவும் உன் பொண்ணு கை சுறுசுறுப்பு. முளையில கத்தி படாம வெட்டுது. பெரியவங்களுக்கே வராது அது."

பாராட்டாகத்தான் சொன்னார். லுஜைன் மூலையில் உட்கார்ந்து அப்பாவின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள், தன் கையைப் பற்றிய பேச்சு என்றதும் கையைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கும்.

இத்தா இருக்கிறவள் வெளியே போனால் என்ன பேசுவார்கள் என்று ஹஸ்னாவுக்குத் தெரியும். மனுஷன் மண்ணுக்குள் போய் ஈரம் காயவில்லை, இவள் வண்டியேறிவிட்டாள் என்பார்கள். வேறொருத்தி போயிருந்தால் ஹஸ்னாவே அப்படித்தான் பேசியிருப்பாள். அவனுக்கு அவள் செய்ய மிச்சமிருந்தது அந்த மரியாதை ஒன்றுதான். அதைச் செய்தால் பெண் வண்டியில் போவாள். பெண்ணை நிறுத்தினால் அந்த மரியாதை போகும். எது அவனுக்கு மரியாதை என்று கேட்க அவன் இல்லை. அவனும்தான் என்ன பதிலை வைத்துவிட்டுப் போனான், சர்க்கரை ஜாஸ்தி என்பதைத் தவிர.

மூன்று நாளும் ஆட்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். அவன் இறக்கிவிட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் வந்தார்கள். ஒருத்தி அவனால்தான் தன் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்று அழுதாள். இன்னொருத்தி காபியைக் குடித்துவிட்டு, மகளைத் திரும்பவும் வண்டிக்கு அனுப்புவதாகப் போகிறபோக்கில் சொன்னாள். ஹஸ்னா எல்லோருக்கும் தலையாட்டினாள்.

துக்கம் முடிந்த மறுநாள் காலை, மலையில் இன்னும் பனி வெள்ளையாக இருந்தது. லுஜைன் யாரும் எழுப்பாமலே எழுந்து தலைத்துணியை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். ஹஸ்னா டீ ஊற்றிக் கொடுத்தாள். பெண் அதை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி வருகிறதா என்று வெளியே பார்த்தபடி நின்றாள்.

ஹஸ்னா அந்தக் கிளாஸை அவளிடமிருந்து எடுத்தாள். அதே மாதிரித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மாதக்கணக்கில் வயலுக்குப் போகாத கை. தோல் இளகிப் போயிருந்தது. சுட்டது. வைத்துக்கொண்டே நின்றாள்.

"ம்மா, சுடும்மா. கீழ வைம்மா."

வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஹஸ்னா கிளாஸைத் தரையில் வைத்தாள். மகளின் முகத்திலிருந்து துணியை அவிழ்த்துத் தன் தலையில் கட்டிக்கொண்டாள். மூட்டையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டாள்.

"நீ இரு. மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போ," என்றாள்.

"நீ வெளிய போவக் கூடாதும்மா."

"தெரியும்."

கறுப்பு அங்கியோடு அவள் வெளியே வந்ததும் வண்டியில் பேச்சு நின்றது. அபூ துர்கி முன்னிருக்கையிலிருந்து இறங்கினார். "தங்கச்சி, இத்தா," என்று தொடங்கினார். கூடாரத்துக்கு ஒரு ஆள். ஆள் வந்து நிற்கிறது.

வண்டியில் ஒருத்தி வாய்க்குள் ஏதோ சொன்னாள். இன்னொருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உம்மு ஜாபிர் தன் பக்கத்திலிருந்த சாக்கை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நீ வெட்டுற லட்சணம் எனக்குத் தெரியும். என் பக்கத்துல உக்காரு," என்றாள்.

ஹஸ்னா ஏறி உட்கார்ந்தாள். வண்டி சேற்றில் குலுங்கிப் புறப்பட்டது. கூடார வாசலில் லுஜைன் ஆறிக்கொண்டிருந்த டீயைக் கையில் எடுத்து, ஒரு வாய் குடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டியின் பக்கக் கம்பி இரவுப் பனியில் சில்லென்றிருந்தது. ஹஸ்னா சுட்டுக்கொண்ட உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.