பத்மாவதி வீட்டு வாசல் வெளிச்சம்

கொப்பரை விலை இறங்கிய அதே வாரத்தில், காங்கேயத்துக்கு வெளியே வெள்ளகோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த பத்மாவதி வீட்டு வாசல் விளக்கிலிருந்து வெளிச்சம் மட்டும் கீழே இறங்கி, கேட்டைத் தாண்டி வெளியே நடந்து போனது. விளக்கு சுவரிலேயேதான் இருந்தது. சுவிட்சும் போட்டபடியே இருந்தது.

கணவனோடு இனி வாழ்வதில்லை என்று ஐம்பது வயதில் முடிவு செய்து, அந்த வீட்டைத் தன் பெயரில் வாங்கித் தனியாகக் குடிவந்தவள் பத்மாவதி. பக்கத்துத் தென்னந்தோப்பு அரங்கசாமியுடையது. எண்ணெய் மில் வைத்திருந்த அவர்தான் அந்த வீட்டுமனைச் சங்கத்துக்கும் தலைவர். தனியாக இருக்கிற பொம்பளை வீட்டு வாசலில் சின்னதாக ஒரு பல்பு போதும், அதையும் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவதுதான் மரியாதை என்று அவர் சொல்லியனுப்பினார். மறுநாளே பத்மாவதி கோயமுத்தூர் பஸ் ஏறினாள். டவுன்ஹால் பக்கம் விளக்குக் கடை வைத்திருந்த சிக்கந்தர், வெள்ளை, மஞ்சள், ஆள் நடந்தால் தானாக எரிவது, வெயிலில் சார்ஜ் ஏறுவது என்று எல்லா வகையையும் மேசைமேல் பரப்பினார். வெள்ளை வெளிச்சம் பூச்சிகளை அதிகம் கூட்டும், மேலே மூடியில்லாத விளக்கு பாதி வெளிச்சத்தை வானத்துக்குக் கொடுத்துவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டு, விளக்கு எதற்காக என்று கேட்டார்.

“வாரவங்க மூஞ்சி எனக்குத் தெரியோணும். என்ற மூஞ்சி அவுங்களுக்குத் தெரியோணும். அவ்வளவுதானுங்க” என்றாள் பத்மாவதி. அவர் மழைத்தண்ணீர் புகாத, கீழ்நோக்கி எரியும் மஞ்சள் விளக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அது விடியும்வரை எரிந்தது. அவள் ஒருநாளும் அணைக்கவில்லை. ரோட்டோரத்தில் பனியன் கம்பெனி பஸ் இறக்கிவிடும் பெண்கள் சீமைக்கருவேலங்காட்டைச் சுற்றிக்கொண்டு இருட்டில் நடந்துதான் அந்தப் பக்கம் வர வேண்டும். தோப்புக்குள் முன்பு ஒரு பொதுப்பாதை இருந்தது. அரங்கசாமி அதற்குக் கம்பிவேலி போட்டுவிட்டிருந்தார். ஒருநாள் ஹர்ஷிணி என்ற பெண் பள்ளத்தில் விழுந்து கை முறிந்து வந்தபோது பத்மாவதிதான் அவளை உட்காரவைத்துக் கட்டுப் போட்டுவிட்டாள். மறுநாள் சாயங்காலம், பஸ் வரும் நேரத்துக்குச் சற்று முன்பு, வெளிச்சம் கிளம்பியது. ஒரு பெரிய ஜமுக்காளம் அளவுக்குத் தரையில் படிந்து, அவசரமில்லாமல் தோப்புவரை போய், வேலிக்கு அடியில் நுழைந்து, பழைய பாதை வழியே ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்கள் இறங்கினார்கள், பார்த்தார்கள், அதற்குள்ளேயே நடந்தார்கள். வேலியை வந்தடைந்ததும் ஒருத்தி கம்பியைத் தூக்கிப் பிடிக்க மற்றவர்கள் குனிந்து வந்தார்கள். கார்த்திகை வருவதற்குள் அந்தக் கம்பி தானாகவே தொய்ந்துவிட்டது.

அரங்கசாமி சங்கத்தைக் கூட்டினார். தன் தோப்புக்குள் அடுத்தவர் வீட்டு வெளிச்சம் அத்துமீறி நுழைவதாகவும், தென்னை மரங்கள் பயந்து குரும்பை உதிர்ப்பதாகவும், விளக்கை உடனே கழற்ற வேண்டும் என்றும் பேசினார். வெளிச்சம் நடந்தது பற்றி யாரும் வியக்கவில்லை. அது எந்த வழியில் நடந்தது என்பதுதான் வழக்கு.

பத்மாவதி எழுந்து, “வெளக்கு என்னுதுங்ணா. வெளிச்சம் எங்க போவுதுன்னு நான் கேக்கறதில்லீங்க. தடம் இருக்கற எடத்துலதான் போவுது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பொதுப்பாதை என்ற சொல்லை அங்கே வாய்விட்டுச் சொல்ல எல்லோரும் தயங்கினார்கள். கூட்டம் காபியோடு கலைந்தது.

அடுத்த வாரம், வெளிச்சம் பஸ்ஸுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அரங்கசாமியின் ஆள் கருப்புசாமி வந்து விளக்கைச் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். பெண்களோடு திரும்பிவந்த வெளிச்சம் வெறும் சுவரைக் கண்டது. கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தது. பிறகு இறங்கி பத்மாவதியின் காலடியில் படுத்துக்கொண்டது. கன்றுக்குட்டியின் மூச்சு மாதிரி இளஞ்சூடாக இருந்தது என்று ஹர்ஷிணி பின்னால் சொன்னாள். பத்மாவதி அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அரங்கசாமி வீட்டுக்கு நடந்தாள். பெண்கள் ஒருவரும் தம் வீட்டுக்குப் போகவில்லை. வெளிச்சம் முன்னால் போயிற்று.

அவர் கதவைத் திறந்தபோது முற்றம் முழுவதும் முகங்களாக இருந்தது. ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. அவர் முகமும் அவர்களுக்குத் தெரிந்தது.

“வெளக்கக் குடுத்துருங்ணா” என்றாள் பத்மாவதி. “அதுக்குப் படுக்க எடம் வேணுமல்லொ.”

“குடுக்கலைன்னா என்ன பண்ணுவீங்க அம்மணி?”

“நாங்க ஒண்ணும் பண்ண மாட்டோமுங்க. அது இங்கயே இருந்துக்கும். நாங்களும் இருந்துக்கறோம்.”

யாரும் நகரவில்லை. கடைசியில் அவர் உள்ளே போய்ச் சாக்கில் சுற்றியிருந்த விளக்கை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அந்த வருடமே வேலி போயிற்று. பிறகு ஊராட்சி அங்கே தெருவிளக்குப் போட்டது. அதற்குப் பிறகும் வெளிச்சம் போவதை நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவுமில்லை.

போன தை மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து திருமூர்த்தி என்ற உறவுக்காரர் மனைவியோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். வாசல் இருட்டாக இருந்ததைப் பார்த்து, ஏனுங்க, பல்பு போயிருச்சுங்களா என்று கேட்டார். பத்மாவதி உள்ளிருந்து இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து இருட்டிலேயே போட்டாள்.

“பல்பு நல்லாத்தான் இருக்குதுங்க. வெளிச்சம் பஸ்ஸுக்குப் போயிருக்குது. உக்காருங்க, வந்துரும்.”

அவர்கள் உட்கார்ந்தார்கள். வந்த பிறகு பத்திரிகையைப் பிரித்துக்கொள்ளலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் பாக்கு விலை ஏறியிருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.