பழைய தேதியில் ஒரு மணி நேரம்

...அதெல்லாம் சரி, எட்டே நாளில் என்ன செய்து கிழிக்க முடியும், ஏதோ ஒரு நாடு திடீரென்று இந்த வருஷம் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள மாட்டோம் என்று அறிவித்துவிட்டுப் போய்விடுகிறது, ரயில் அட்டவணையிலிருந்து ஆஸ்பத்திரி முன்பதிவு வரை எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை இவள் தலையில் வந்து விடிகிறது. எந்த ஊர் எந்தத் தேதியில் மணியை மாற்றியது, இனி மாற்றும் என்ற உலகப் பட்டியலை யாரோ புண்ணியவான்கள் தொகுத்து அனுப்புகிறார்கள், ஐந்து வருஷத்துக்கு அசைய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து வெளியிட்ட மென்பொருளின் நிலையான பதிப்புக்குள் அதை ஏற்றுவது இவள் பொறுப்பு. அசையாது என்று சொன்னதை எப்படி அசைப்பது? அதற்கான விதியை எழுதியதும் இவள்தான். நிரலில் ஒரு எழுத்தைத் தொடக்கூடாது, ஆனால் தரவு பழசானால் பொய்யாகிவிடும், ஆகவே தரவை மட்டும் மாற்றலாம், மாற்றினால் முழுசாக எடுக்க வேண்டும், பிடித்ததை மட்டும் பொறுக்கக்கூடாது... ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதும்போது எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள்.

சோதனைப் பிரிவில் இருக்கிற ஜவ்வு, எதையும் இழுத்து இழுத்துப் பார்ப்பதால் ஆபீஸே அவருக்கு வைத்த பெயர் அது, பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்ட அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டு நின்றார். "மேடம், அந்த நாடு சரியா மாறுது. ஆனா ஒரு ஊரோட பழைய தேதி ஒண்ணும் சேர்ந்து மாறியிருக்கு. முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தினது. யாரோ பழைய பேப்பரைத் தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்காங்க, அந்த ஊர்ல அந்த ஞாயித்துக்கிழமை மணி மாறலையாம், அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டுட்டாங்களாம்." ஊரின் பெயரை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். அது இவள் குடும்பம் கடல் தாண்டிப் போய்க் குடியேறிய ஊர், இவள் பிறந்த ஊர். அந்த ஞாயிறு, அம்மா செத்த ஞாயிறு.

அவர் போன பிறகும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஐந்து மணிக்கு வா என்று அண்ணன் சொல்லியிருந்தான், இவள் போய்ச் சேர்ந்தபோது ஆறு, அம்மா ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டாள். ஏன் தாமதம்? விடிகாலையில் மணியை முன்னால் தள்ளியிருந்தார்கள், கைக்கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டேன், என் கடிகாரத்தில் ஐந்துதான்... இதைக் கணவனிடம் சொல்லியிருக்கிறாள், மகளிடம் சொல்லியிருக்கிறாள், ஒரு தடவை பல் பிடுங்குகிற நாற்காலியில் சாய்ந்தபடி அந்த டாக்டரிடம்கூட, என்னத்துக்கு என்று தெரியவில்லை. சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் ஐயோ பாவம் என்பார். இந்த வேலையில் சேர்ந்த அன்றே முதல் காரியமாக அந்த ஞாயிற்றைத்தான் தேடிப் பார்த்தாள், மணி மாறியது என்று பட்டியலும் சொன்னது, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், நிம்மதியில். நிம்மதியா? உண்மையாகவே நடந்த ஒன்றுக்கு யாராவது அப்படிச் சாட்சி தேடுவார்களா?

இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டால் என்ன? முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தின ஒரு மணி நேரம், யாருக்கு என்ன நஷ்டம், ஜவ்வே தலையாட்டிவிடுவார், பழைய தேதிகள் அசைய வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். பொறுக்கக்கூடாது என்று எழுதியவள்தானே பொறுக்கப்போகிறாள். விரல் அந்த வரிக்குப் போனது, நின்றது, போனை எடுத்தது.

அண்ணன் கடையில் இருந்தான், பின்னால் யாரோ பெட்டியை இழுக்கிற சத்தம். "என்னம்மா, இந்த நேரத்துல?" சும்மாதான் என்றாள், பிறகு கேட்டுவிட்டாள், அம்மா போன அன்னைக்கு மணி மாத்தினாங்களா, உனக்கு ஞாபகம் இருக்கா? பெட்டிச் சத்தம் நின்றது. அவன் கதவைச் சாத்துவது கேட்டது.

"இல்லை. அது அடுத்த வாரம். காரியமெல்லாம் முடிஞ்சு வீட்டுல இருந்தோம், நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி சுவர்க் கடிகாரத்தைத் தள்ளி வச்சேன்."

"அப்புறம் ஏன் நீ சொல்லவே இல்லை? இவர்கிட்ட நான் அந்தக் கதையைச் சொன்னப்போ நீயும் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டுதானே இருந்தே?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்." நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம். "உனக்கு அப்போ பதினாறு வயசும்மா. என்ன சொல்றது? விடு. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாள். போனை வைத்த பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்குப் போய், எதையும் நீக்காமல், முழுசாக, அனுமதி என்று அழுத்தினாள். அழுதுவிடுவோம் என்று நினைத்தாள், வரவில்லை. முப்பத்தொரு வருஷம் ஒருத்தன் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கிறான், இவள் ஒவ்வொரு தடவையும் கதையை இன்னும் கொஞ்சம் அழகாகச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு... சரி, அப்படியானால் அந்த ஒரு மணி நேரம் எங்கே இருந்தாள்? தோழி வீடு இல்லை, பஸ் தாமதமும் இல்லை, பஸ் நேரத்துக்குத்தான் வந்தது, ஆமாம், நேரத்துக்குத்தான் வந்தது, இது எப்படி இப்போது தெரிகிறது? மருந்து நாற்றம், பச்சைப் பெயிண்ட் அடித்த சுவர், மூன்றாவது மாடி, சாத்தின கதவு. கதவுக்கு வெளியே சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு பதினாறு வயசுப் பெண் ஒருத்தி நிற்கிறாள், பிடியைத் தொடுகிறாள், கையை எடுக்கிறாள், தொடுகிறாள். உள்ளேயிருந்து அம்மாவின் மெல்லிய குரல் நர்சிடம் கேட்கிறது, "மணி என்ன ஆச்சு?" ... இதை அன்றைக்குக் கேட்டாளா, இல்லை, பழைய கதை போய்விட்டதே என்று இப்போது உட்கார்ந்து புதிதாக ஒன்றைக் கட்டுகிறாளா? நர்ஸ் என்ன மணி சொன்னாள் என்பது மட்டும், எவ்வளவு முயன்றும், காதில் விழவில்லை.