துண்டில் இருந்த பதினொரு வரிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். கடையின் மூத்தவரான பெரியவர். பின்னறையில் லென்ஸ் அரைக்கும் அவருடைய தம்பி. ஃபிரேமை வளைத்து முகத்துக்குப் பொருத்தும் தம்பி மனைவி. கண் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெரியவரின் மகள். எதிர்க்கடைத் தையல்காரரும் இருந்ததாகச் சொல்வார்கள். அவர் பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நின்றார். அவருடைய கண்ணாடி பழுதுக்கு வந்து உள்ளே மேஜைமேல் கிடந்தது. எனவே அவர் "என் கண்ணால பாத்தேன்" என்று சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது என்பது கேட்பவர் பாடு.

நான்கு பேரும் கூடியது பெரியவரின் வலது கண்ணைப் பற்றிப் பேச.

இரண்டு மாதமாகவே தம்பி மனைவிக்குச் சந்தேகம். பெரியவர் தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடிக்கு இடது காதுக் கம்பியை வலப்பக்கம் மாட்டி அனுப்பினார். கேட்டால், எனக்கா பார்வை இல்லை, பலகையைக் கொண்டுவா என்பார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் பதினொரு வரிகளையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எதிராளி ஒத்துக்கொண்டு போவார்.

அன்றும் அப்படித்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், இடது கண்ணைப் பொத்தினார், மேலிருந்து கீழ்வரை கணீரென்று படித்தார். எறும்பு அளவுக்கு இருக்கும் கடைசி வரியைக்கூட விடவில்லை. படித்து முடித்துக் கையை எடுத்தபோதுதான் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் கண்ணைப் பொத்தியதுமே கழற்றிய பலகை தம்பி மனைவியின் கக்கத்தில் இருந்தது. சுவரில் அது தொங்கிய ஆணியில் ஒரு வெள்ளைத் துண்டு தொங்கியது.

"துண்டுல கடைசி வரியக்கூட விடல, பெரியத்தான்," என்றாள் தம்பி மனைவி. "இந்த வயசுல யாருக்கு வரும்?"

நாற்பது வருடம் ஒரே பலகையை அடுத்தவர்களைப் படிக்கச் சொன்ன மனிதருக்கு அது மனப்பாடம் ஆகாமல் என்ன ஆகும்? அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த எழுத்துகள் தனக்குத் தெரிகின்றன என்றேதான் நம்பியிருந்தார். நம்பத்தான் அவருக்கு விருப்பம்.

மகள் விஷயத்துக்கு வந்தாள். கண்புரை. வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சைக்கு இடம் பிடித்திருக்கிறாள். இருபது நிமிட வேலை. மதியம் வீட்டில் சாப்பிடலாம்.

பெரியவர் முடியாது என்றார். பயமா என்று கேட்டதற்கு, இந்தக் குடும்பத்தில் கத்திக்குப் பயந்தவன் எவனும் பிறக்கவில்லை என்றார். பிறகு ஏன் என்று கேட்டார்கள். தம்பி மனைவி துண்டை மடித்துப் பலகையைத் திரும்ப மாட்டும் வரை பொறுத்திருந்து, பெரியவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"சாமி குத்தினத நான் போய் எடுக்கக் கூடாது."

அவருக்கு ஏழு வயது, தம்பிக்கு ஐந்து வயது இருக்கும்போது நடந்தது அது. அப்பா விசேஷத்துக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் அப்பாவின் மேஜையிலிருந்து ஒரு தடித்த லென்ஸை எடுத்துவந்து வெயிலுக்குக் காட்டினார். சட்டையில், சரியாக நெஞ்சுப் பக்கம், பட்டாணி அளவுக்கு ஓட்டை விழுந்தது. யார் செய்தது என்று அப்பா கேட்டபோது தம்பியைக் கை காட்டினார். தம்பிக்கு நான்கு அடியும் பட்டினியும். பக்கத்தில் இருந்த அத்தை பொதுவாகச் சொல்லிவைத்தாள், பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று.

அன்றிலிருந்து பெரியவர் காத்திருந்தார். பத்து வயதில் பந்து பட்டு இடது கண் வீங்கியபோது, அப்பாடா, வந்துவிட்டது என்று நினைத்தார். மூன்று நாளில் வீக்கம் வடிந்தது. சாமி குறி பார்த்திருக்கிறார், அவ்வளவுதான் என்று முடிவு செய்தார். கடைக்கு வந்த பிறகு புரை விழுந்தவர்களைப் பார்த்தால் அவருக்கு ஒரு பரிவு. சின்ன வயசுல ஏதாவது மறைச்சீங்களா என்று நாசூக்காக விசாரிப்பார். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் அழுதுவிட்டார்.

இதையெல்லாம் பெரியவர் அன்று முழுக்கச் சொல்லவில்லை. சின்ன வயதில் ஒரு பொய் சொன்னேன், அதற்கான கூலி இது என்று மட்டும் சொன்னார். புரையை எடுத்துவிட்டால் சாமி சும்மா விடுவாரா? அடுத்தது இடது கண்.

"ஏழு வயசுப் பிள்ளை சொன்ன பொய்க்கு அறுபது வருஷமா ஊசியக் கையில வச்சுக்கிட்டு நிக்க, அவருக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் தம்பி மனைவி.

"அவருக்கு என்ன அவசரம்?" என்றார் பெரியவர்.

மகள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். தான் எட்டு வயதில் அப்பாவின் தங்க ஃபிரேமை மிதித்து உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டதைச் சொன்னாள்.

"எனக்கும் குத்துவாராப்பா?"

"சேச்சே. உன்ன எதுக்கு? நீ குழந்தை."

"நீங்க அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பீங்க. ஒண்ணும் சொல்லாம விட்டீங்க. பெத்த அப்பா நீங்களே விட்டீங்கன்னா, அவரு உங்களவிட மட்டமா?"

நல்ல கேள்விதான். ஆனால் பெரியவரின் முகம் வேறு மாதிரி போனது.

"உண்மையா பூனை இல்லையா?"

"தெரியாதா உங்களுக்கு?"

"பூனைய வீட்ட விட்டே துரத்தினேனேம்மா."

மகள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பெரியவர் யோசித்துப் பார்த்தார். இவள் கண்ணைக் குத்தியிருப்பேனா? மாட்டவே மாட்டேன். ஆனால் தான் இளகிய மனசுக்காரன் என்பதற்காகச் சாமியும் அப்படித்தான் என்று எப்படிச் சொல்வது? அவர் பொறுப்பு பெரியது.

இதற்குள் தம்பியைக் காணவில்லை. பின்னறையில் அரவை இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு வேலை கிடையாது. பெரியவர் எழுந்து உள்ளே போனார். இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது, லென்ஸ் ஏதும் இல்லை. தம்பி அதன்முன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பெரியவர் இயந்திரத்தை நிறுத்தினார். அறுபது வருடமாக மறைத்துவைத்ததைச் சொன்னார்.

"அப்பா சட்டை. அத ஓட்டை போட்டது நான்தான்டா."

"தெரியும்ணா. பக்கத்துலதான நின்னேன்."

அது பெரியவருக்குத் தோன்றியதே இல்லை. இத்தனை வருடமும் அவருக்கும் சாமிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்றுதான் நினைத்திருந்தார்.

தம்பி கையை நான்கு முறை துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், பட்டினி கிடந்த அன்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சாமி, எங்கண்ணன் கண்ணைக் குத்து என்று வேண்டிக்கொண்டதை. எந்தக் கண் என்றும் சொல்லியிருக்கிறார். வலது. பெரியவர் தேநீரை முதன்முதலாக மேஜையில் ஊற்றிய நாளிலிருந்து தம்பிக்குத் தூக்கம் இல்லை.

"நீதானா?" என்றார் பெரியவர்.

"மறுநாள் காலைல உன் ரொட்டில பாதி எனக்குக் குடுத்த. நெனப்பிருக்கா? பெரிய பாதி. உடனே, சாமி வேண்டாம், விட்டுடுன்னு சொல்லிட்டேன். மொதல்ல சொன்னது போய்ச் சேர்ந்துச்சு, ரெண்டாவது சேரலபோல."

"ரெண்டாவது சத்தமா சொன்னியா?"

"வாய்க்குள்ள."

"மொதல்ல சொன்னது?"

"அதுவும் வாய்க்குள்ளதான்."

பெரியவர் நின்றபடியே அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அடி வாங்கியவன் இவன். புகார் கொடுத்தவன் இவன். ஒரே இரவில் அரை ரொட்டிக்கு வாபஸ் வாங்கியவனும் இவன். ஐந்து வயதுப் பயல் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்ட ஒன்றை அறுபது வருடம் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று சாமியைப் பற்றிச் சொல்வது மரியாதை இல்லை. இவ்வளவு காலமும் தான் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறோம் என்று நினைத்தபோது, பழைய பொய்யைவிட இது பெரிதாகத் தெரிந்தது. அவர் தம்பியின் ஸ்டூலில் பாதியில் உட்கார்ந்தார். தம்பி நகர்ந்து இடம் விட்டார்.

"வலது கண்ணுன்னா சொன்ன?"

"சின்னப் பையன்ணா."

"பந்து இடது கண்ணுல பட்டப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றார் பெரியவர். "அவரு நீ சொன்னத மொதல்லேந்தே கணக்குல எடுத்துக்கல."

வியாழக்கிழமை போனார்கள். புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் பெரியவர் முதலில் பார்த்தது தம்பியின் முகத்தை. உனக்கு எப்போதடா இவ்வளவு வயசாச்சு என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை புதிதாக வேறொரு எழுத்துப் பலகை வாங்கி மாட்டினார்கள். ஒன்பதாவது வரியில் இரண்டு எழுத்து தப்பாகச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவர் தப்பு செய்ததை யாரும் பார்த்ததில்லை.

பெரியவர் அறுவை சிகிச்சை மேஜையிலிருந்து குதித்துப் பின்வாசல் வழியாக ஓடினார், தம்பி துரத்திப் பிடித்து இழுத்துவந்தார் என்று தையல்காரர் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார். தையல்காரர் அன்று மருத்துவமனைக்கே வரவில்லை. பெரியவர் ஓடவில்லை. கழிவறைக்குப் போனார். நடந்து போனார், நடந்தே திரும்பினார்.