காஸ்பருக்குப் பதிலாக

சனிக்கிழமை சாயங்காலமானால் அபிராமபுரத்தில் லூயிசா டீச்சர் வீட்டு ஹாலில் நாலு பேர் கூடிவிடுவார்கள். லூயிசா, அவளைப் போலவே ரிடையராகிவிட்ட கணவர் காஸ்பர், கீழ் வீட்டிலிருந்து காதரும் அவர் மனைவி ஜஹீதாவும். காதருக்கு ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை. சனிக்கிழமை மட்டும் சீக்கிரமே ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிடுவார். எல்லாம் டிவியில் ‘உங்களுக்குப் பதிலாக’ நிகழ்ச்சி பார்க்கத்தான்.

அதை நடத்துபவன் இனியன். மறந்தும் சிரிக்காத முகம். வாராவாரம் ஒரு வீட்டுக்குப் போவான். அந்த வீட்டுக் கணவனின் சட்டையைப் போட்டுக்கொள்வான், அவன் நாற்காலியில் உட்கார்வான், அவனாகவே நடந்துகொள்வான். நிஜக் கணவன் தெருவில் நிற்கும் வேனுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காஸ்பர் தொடையில் தட்டித் தட்டிச் சிரிப்பார். “எல்லாம் காசு குட்த்து நடிக்க வெச்சிது சார்” என்பார் காதர், ஆனால் கண்ணை எடுக்க மாட்டார். ஜஹீதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஓரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பாள். அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது தப்பு என்பாள் லூயிசா. இருந்தும் முதல் ஆளாக சோபாவில் இடம் பிடிப்பவள் அவள்தான்.

அந்த வாரம் ஒரு வங்கி மேனேஜர் வீடு. மேனேஜரின் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இனியன் எதிரில் வந்து உட்கார்ந்து, “அப்புறம்?” என்றான். அவ்வளவுதான். அவள் பேச ஆரம்பித்தாள். பட்டாணி தீர்ந்த பிறகும் வெறும் தோலை உரித்தபடி பேசினாள். காலேஜில் தான் நாடகத்தில் நடித்ததை, ராஜா வேஷம் கட்டியதை எல்லாம் சொன்னாள். “இவ நாடகம் நடிச்சாளா?” என்று வேனுக்குள் மேனேஜர் கேமராக்காரனிடம் கேட்டார். கடைசியில் அவர் வீடு திரும்பியபோது அந்த அம்மாள் வாசலிலேயே நின்று, “இன்னும் ஒரு வாரம் அவரே இருக்கட்டுமே” என்றாள்.

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. காஸ்பர் டம்ளரில் இருந்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் லூயிசா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காஸ்பர் தன் டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“அப்புறம்?” என்றார்.

“என்ன அப்புறம்?”

“சும்மா. ஏதாவது சொல்லேன்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டதெல்லாம் சாப்பாடு ஆச்சா, என் கண்ணாடி எங்கே என்ற இரண்டு கேள்விகள்தான். இப்போது முகத்தில் சிரிப்பே இல்லாமல், அச்சு அசல் இனியனைப் போல உட்கார்ந்திருந்தார். லூயிசா வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். அறைக்குள் போய்ப் பாலவாக்கத்தில் இருக்கும் மகள் ரெனிட்டாவுக்கு போன் போட்டாள்.

“அப்பாவுக்கு உன் மேல திடீர்னு பாசம் வந்திருக்கும்மா” என்று ரெனிட்டா சிரித்தாள்.

“அதான்டி பயமா இருக்கு!”

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஜஹீதா கிட்டே வந்து குசுகுசுத்தாள். “டீச்சர், எங்க வூட்டுக்காரரு தலவலி எப்படி இருக்குன்னு கேக்குறாரு. எனக்குத் தலவலியே இல்ல டீச்சர்.”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகமே இல்லை. ஆண்கள் இரண்டு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் நிகழ்ச்சிக்குப் பேர் கொடுத்துவிட்டார்கள். இனியன் வருவதற்கு முன்பே வீட்டில் எங்கேயோ கேமரா வைத்துவிட்டார்கள்.

லூயிசா இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் தேடினாள். கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. டிவிக்காரன் கெட்டிக்காரன், தெரிகிற மாதிரியா வைப்பான்? அன்று முதல் நைட்டி பீரோவுக்குள் போனது. கஞ்சி போட்ட காட்டன் புடவையில், பவுடர் பூசிக்கொண்டு சாம்பார் வைத்தாள். “அந்தக் குப்பையை எடுத்துட்டுப் போய்த் தொலைங்களேன்” என்பது “தயவுசெஞ்சு இதைக் கொஞ்சம் கொண்டுபோறீங்களா?” என்று ஆனது. அதைக் கேட்டு காஸ்பர் மிரண்டுபோனார். மிரண்டு மேலும் ஒரு முறை “அப்புறம்?” என்றார்.

வியாழக்கிழமை வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. லூயிசா பவுடரைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். டிரைவர் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்தான்.

“என் வீட்டுக்காரரை வெளிய விடுங்க!”

“இன்னாமா, யாரு வூட்டுக்காரரு?” என்று அவன் இறங்கிப் பின்கதவைத் திறந்து காட்டினான். “ஓட்டல் பெட்ஷீட்டு தாம்மா கீது. சலவைக்கு எட்த்துகினு போறேன்.”

“லூசி, அங்க என்ன பண்ற?” என்று மாடியிலிருந்து காஸ்பரின் குரல் கேட்டது. அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மேலே போனதும் பிடித்துக்கொண்டாள். “கேமராவை எங்க வெச்சிருக்கீங்க? மரியாதையா சொல்லிடுங்க.”

“கேமராவா?” காஸ்பர் முழித்தார். பிறகு மெல்ல மெல்லக் கக்கினார். மேனேஜர் வீட்டைப் பார்த்ததிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. இனியன் இந்த வீட்டுக்கு வந்தால் லூசி என்ன சொல்லுவாள்? காதரிடம் புலம்பினால், அவரும் அதே பயத்தில் இருந்திருக்கிறார். இரண்டு பேரும் கண்ணாடிக் கடையில் நின்று, நாலு பக்கமும் நிலைக்கண்ணாடி பார்த்து, ‘அப்புறம்’ சொல்லிப் பழகியிருக்கிறார்கள். ஒருநாள் கண் பரிசோதிக்க வந்தவர் பயந்து திரும்பிப் போய்விட்டாராம்.

லூயிசாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்து ஓய்ந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

“உண்மையைச் சொல்லட்டுமா? அந்தம்மா அப்படிச் சொன்னப்போ, எனக்கும் ஒரு வாரம் அவன் வந்தா தேவலன்னு தோணுச்சு.”

காஸ்பர் சட்டென்று இனியன் முகத்தை வரவழைத்துக்கொண்டார்.

“ஆனா முகத்தை அப்படி வெச்சுக்காதீங்க. வழக்கம்போல இருந்துக்கிட்டே கேளுங்க. நான் சொல்றேன்.”

அன்று சொல்ல ஆரம்பித்தவள் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை. நடுவில் காஸ்பர் கண் அயர்ந்தபோது தொடையில் ஒரு அடி போட்டு எழுப்பினாள்.

சனிக்கிழமை நிகழ்ச்சியில் ஒரு மாற்றம். இனிமேல் மனைவிகளுக்குப் பதிலாக வருவதற்கு ஒரு பெண்ணை அமர்த்தியிருந்தார்கள். முதல் வீட்டில் அவள் சமைத்தாள், பரிமாறினாள், நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டுக்காரர் நிம்மதியாகப் பேப்பர் படித்தார்.

“சூப்பரா கீதே!” என்றார் காதர், வாய் தவறி. ஜஹீதா துப்பட்டாவை முகத்திலிருந்து இறக்கினாள். காஸ்பர் அவசரமாக மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். ஆனால் அவர் உதடு லேசாக வளைந்ததை லூயிசா கவனித்துவிட்டாள்.

ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினாள். “எதுக்குச் சிரிச்சீங்க?”

“நான் எங்க சிரிச்சேன்?”

“டீச்சர், இவரையும் கேளுங்க!” என்று ஜஹீதா எழுந்து நின்றாள்.

பேப்பர் படித்த அந்த வீட்டுக்காரர் கடைசியில் யார் இருக்கட்டும் என்று சொன்னார் என்பது நாலு பேருக்கும் இன்றுவரை தெரியாது.